ஆக்சிஜனைத் தின்றது யார்?

ஏரியில் மீன் செத்து மிதக்கிறது என்று செய்தி வந்தவுடனே இரண்டு தீர்ப்புகள் தயாராகிவிடும். கரையில் நிற்கும் கூட்டம் "எவனோ விஷத்தைக் கலந்துட்டான்" என்று சொல்லும். அப்புறம் வரும் அதிகாரி "வெயில் ஜாஸ்தி, ஆக்சிஜன் குறைஞ்சிருக்கு, இயற்கையா நடக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கூடத்துக்குச் சுமந்துபோவதே வேலையாக இருப்பதால், இந்த இரண்டு வசனங்களும் எனக்கு மனப்பாடம். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். இரண்டில் அதிகம் பயப்பட வேண்டியது அதிகாரியின் வசனத்துக்குத்தான், ஏனென்றால் அது பெரும்பாலும் பொய்யில்லை.

நன்னீர் ஏரிகளில் மீன்கள் கூட்டமாகச் சாவதற்குப் பெரும்பாலும் உடனடிக் காரணம் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவதுதான். ஆனால் 'ஆக்சிஜன் குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடுவது, இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றதால் மரணம்' என்று எழுதுவது மாதிரி. இதயம் நிற்காமல் செத்தவர் யார்? இருந்த ஆக்சிஜனைத் தின்றது எது, அதற்குத் தீனி போட்டது யார் என்று கேட்கும்போதுதான் விசாரணையே ஆரம்பிக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது நேரம். பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடும். இருட்டிய பிறகு அவையும் மீன்களும் பாக்டீரியாக்களும் சேர்ந்து அதே ஆக்சிஜனைச் சுவாசிக்கும். அதனால் ஏரியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலுக்குச் சற்று முன்னால். பச்சைப் பசேலென்று பாசி மண்டிய ஏரியில் இந்த ஏற்ற இறக்கம் பயங்கரமாக இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் இயல்பாகப் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.6 மில்லிகிராம். பாசி மண்டிய ஏரியில் பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால் 12, 13 என்றுகூடக் காட்டும். அதே இடத்தில் அதிகாலை நான்கு மணிக்கு ஒன்றுக்கும் கீழே போயிருக்கும். 5-க்குக் கீழே போனாலே பெரும்பாலான மீன்கள் தவிக்கத் தொடங்கும். 2-க்குக் கீழே சில மணி நேரம் நீடித்தால் பல இனங்கள் தாங்காது.

இப்போது வழக்கமான காட்சியைப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக்கு வந்தவர் பார்க்கிறார், போன் போகிறது, ஜீப் கிளம்பி வந்து சேரும்போது மணி பதினொன்று. கருவியைத் தண்ணீருக்குள் விட்டால் 8 காட்டுகிறது. "ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு, அப்போ விஷம்தான்" என்று அங்கேயே ஒருவர் முடிவு கட்டுவார். பதினொரு மணிக்கு 8 என்பது விடியலில் என்ன இருந்தது என்பதைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. அந்த இரவின் அளவு வேண்டுமென்றால் அடுத்த இரவில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் விரும்பாத வேலை. கொசுக்கடி வேறு.

நேரத்தை இன்னொரு விதத்திலும் பார்க்க வேண்டும். செத்த மீன் எல்லாமே உடனே மிதப்பதில்லை. பல மீன்கள் முதலில் அடியில் போய்க் கிடக்கும், அழுகத் தொடங்கி வயிற்றில் வாயு சேர்ந்த பிறகே மேலே வரும். அதற்குள் காற்று அவற்றை ஒரு கரைக்குத் தள்ளிவிடும். அதனால் மிதக்கும் இடம் செத்த இடம் என்றோ, மிதக்கும் நாள் செத்த நாள் என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு கரையில் மட்டும் குவியலாகக் கிடந்தால், அந்தக் கரையில் திறக்கும் குழாய்மீது சந்தேகப்படுவதற்கு முன் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்பது நல்லது.

அடுத்தது, செத்தது யார், சாகாதது யார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஆக்சிஜன் குறைந்தால் வெள்ளிக் கெண்டை, கட்லா மாதிரியான மீன்கள் முதலில் விழும். பொதுவாகப் பெரிய மீன்கள் முன்னதாகவும் குஞ்சுகள் பின்னதாகவும் சாகும். விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவற்றுக்குக் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. தண்ணீரில் ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு பிழைத்துக்கிடக்கும். ஆகவே கட்லா நூற்றுக்கணக்கில் செத்து, விரால் ஒன்றுகூடச் சாகவில்லை என்றால் அது மூச்சுத்திணறல். விராலும் சேர்ந்து மிதந்தால் என் கை தானாகப் பூச்சிக்கொல்லிப் பரிசோதனைக்கான கண்ணாடி பாட்டிலைத் தேடும்.

மீனைத் தவிர மற்றவற்றையும் பார்க்க வேண்டும். நத்தை, தவளை, தண்ணீரின் மேல் ஓடும் பூச்சிகள், கரையோரச் சேற்றில் இருக்கும் புழுக்கள். பாசி ஆரோக்கியமாக இருந்து பூச்சிகளும் நீர்ப்பேன்கள் என்ற நுண்ணிய நீர் உயிரிகளும் மொத்தமாகக் காணாமல் போயிருந்தால் பூச்சிக்கொல்லியின் மேல் சந்தேகம் வலுக்கும். பாசியே வெளுத்துப்போய்க் கிடந்தால் களைக்கொல்லியா, யாராவது 'ஏரியைச் சுத்தம் பண்ணுறோம்' என்று மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கொட்டினார்களா என்று விசாரிக்க வேண்டும். மயில்துத்தம் பாசியைக் கொல்லும், செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் தீரும், மீன் சாகும். நல்லது செய்யப்போய் நடக்கும் மீன் சாவுகளும் உண்டு.

ஒரே ஓர் இனம் மட்டும் செத்தால் கதை வேறு. 2004-ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கெண்டைகள் செத்தன, காரணம் கெண்டைகளைத் தாக்கும் ஒரு ஹெர்பிஸ் வைரஸ். மாசு இப்படி ஆள் பார்த்து அடிக்காது.

சாகும் நிலையில் தவிக்கும் மீன் கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆக்சிஜன் பற்றாத மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடும், ஓடை வந்து சேரும் இடத்தில் கூட்டமாக நிற்கும். பூச்சிக்கொல்லி பட்ட மீன் சுழலும், துடிக்கும், திடீரென்று விசைகொண்டு பாயும். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தாக இருந்தால் மார்புத் துடுப்புகள் விறைத்து முன்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும், சிலவற்றுக்கு முதுகெலும்பே வளைந்திருக்கும். கைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்துவைத்தால் போதும். ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எதைத் தேடுவது என்ற துப்பு அதிலேயே கிடைத்துவிடும்.

செவுள் மூடியைத் தூக்கிப் பார்ப்பதுதான் களத்தில் நான் முதலில் செய்யும் காரியம். பெருவிரலால் நெம்பினால் திறந்துவிடும். புதிதாகச் செத்த மீனில் உள்ளே இருக்கும் இதழ்கள் ஈரமாக, ரத்தச் சிவப்பாக, சீப்புப் பற்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்கும். செத்து நேரமாக ஆக நிறம் இளஞ்சிவப்பாகி, சாம்பலாகி, கடைசியில் கொழகொழவென்று ஆகிவிடும். அந்த நிலையில் எடுத்த மீனை எவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோனாலும் நோய் இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. புதிய மீனில் ரத்தமும் செவுளும் சாக்லேட் பழுப்பாக இருந்தால் நைட்ரைட் என்று நினைக்கலாம். அது ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடும். வழக்கத்துக்கு மீறிய பளிச்சென்ற சிவப்பு சயனைடுக்கான அறிகுறிகளில் ஒன்று. செவுள் முழுக்கச் சளி போர்த்தியிருந்தால் அமிலமோ உலோகமோ எரிச்சல் தந்திருக்கலாம். இவை எதுவும் தீர்ப்பில்லை. எந்தப் பக்கம் போவது என்று காட்டும் கைகாட்டிகள், அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் ஆக்சிஜனை அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. ஆனாலும் கருவியில் சந்தேகம் வந்தால் நான் நம்புவது 1888-ல் ஹங்கேரியரான லாயோஸ் விங்க்ளர் வெளியிட்ட முறையைத்தான். கண்ணாடி பாட்டிலில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டையும் அயோடைடு கலந்த காரத்தையும் பைப்பெட் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி விட வேண்டும். மூடித் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தால் மேகம் மாதிரி ஒன்று திரண்டு கீழே இறங்கும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பு நிறம். இல்லையென்றால் சுத்த வெள்ளை. விடிவதற்கு முன் கைவிளக்கு வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்கும்போது அந்த வெள்ளை நிறம் தெரிந்தால் அங்கே நிற்கும் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அப்புறம் அமிலம் சேர்த்து, தயோசல்பேட்டால் அளந்து, எண் கண்டுபிடிப்பதெல்லாம் காகிதத்துக்காக.

அமோனியா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அறிக்கைகளில் அதிகம் ஏமாற்றும் எண் இதுதான். ஆய்வகம் தருவது பெரும்பாலும் மொத்த அமோனியா. மீனைக் கொல்வது அதில் அயனியாகாத, அதாவது மின்னேற்றம் இல்லாத, பகுதி மட்டும். 25 டிகிரியில் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7 ஆக இருந்தால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் அந்த வடிவத்தில் இருக்கும். பிஎச் 8 ஆனால் சுமார் 5 சதவீதம். பிஎச் 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பாசி மண்டிய ஏரியில் பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை நடந்து கரியமில வாயு தீர்ந்துபோவதால் பிற்பகலில் பிஎச் 9-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆக, காலையில் மீன் தாங்கிக்கொண்ட அதே அமோனியா பிற்பகல் நான்கு மணிக்கு விஷமாகிவிடும். பிஎச்சும் வெப்பமும் அளந்த நேரமும் எழுதாமல் 'அமோனியா இவ்வளவு' என்று மட்டும் போட்ட அறிக்கையை நான் படிப்பதே இல்லை.

மாதிரி எடுக்கும் விஷயத்தில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன. பழைய குளிர்பானப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வெயிலில் வைத்திருந்து, இரண்டு நாள் கழித்து ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு 'எல்லாம் டெஸ்ட் பண்ணுங்க' என்பார்கள். 'எல்லாம்' என்று ஒரு பரிசோதனை கிடையாது. நீங்கள் கேட்டதற்குத்தான் ஆய்வகம் பதில் சொல்லும். உலோகத்துக்கு பிளாஸ்டிக் பாட்டில், அதில் நைட்ரிக் அமிலம். பூச்சிக்கொல்லிக்குக் கருமஞ்சள் கண்ணாடி பாட்டில், ஐஸ் பெட்டி. ரசாயனப் பரிசோதனைக்குப் போகும் மீனை உறைய வைக்கலாம். நோய் பார்ப்பதற்கான மீனை ஐஸில் வைக்க வேண்டுமே தவிர உறைய விடக்கூடாது, செல்கள் வெடித்துவிடும். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் லிட்டருக்கு ஒருசில மைக்ரோகிராம் இருந்தாலே மீனைக் கொல்லும், ஆனால் சீக்கிரமே தண்ணீரை விட்டுச் சேற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரை மட்டும் எடுத்துப்போய்ப் பரிசோதித்தால் 'எதுவும் இல்லை' என்று வரும். சேற்றையும் எடுக்க வேண்டும். மறக்காமல், மீன் சாகாத பகுதியிலிருந்தும் ஒரு பாட்டில் பிடிக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விஷம் என்று தேடப்போய் வேறொன்று அகப்பட்ட பெரிய கதை 2022-ல் நடந்தது. போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஓடும் ஓடர் ஆற்றில் ஜூலை கடைசியிலிருந்து மீன்கள் சாகத் தொடங்கின. ஏறத்தாழ 360 டன் என்று மதிப்பிட்டார்கள். ஏரி இல்லை, ஆறுதான், ஆனால் விசாரணைக்குப் பாடம் இதில் இருக்கிறது. முதலில் பாதரசம் என்று பேச்சு அடிபட்டது. கொட்டியவனைக் காட்டிக்கொடுத்தால் பத்து லட்சம் ஸ்லோட்டி பரிசு என்று போலந்து அறிவித்தது. ஆனால் ஆற்றங்கரையில் இருந்த தானியங்கி அளவீட்டு நிலையத்தின் பதிவு வேறு ஏதோ சொன்னது: மின்கடத்துத்திறன் (தண்ணீரில் கரைந்த உப்புகள் கூடினால் இது கூடும்) ஏறியிருந்தது, பிஎச் ஏறியிருந்தது, ஆக்சிஜன்கூட ஏறியிருந்தது. உப்பு அதிகமாகி ஏதோ ஒரு பாசி வெறித்தனமாக வளர்கிறது என்பதற்கான அடையாளம் அது. கடைசியில் பிடிபட்டது பிரிம்னீசியம் பார்வம் என்ற பொன்னிறப் பாசி. உவர்நீரில் வாழ வேண்டியது. சுரங்கங்கள் முதலான தொழில்களின் உப்புக் கழிவும், வெயிலும், வற்றிய ஆறும் சேர்ந்து அதற்கு வீடு அமைத்துக் கொடுத்தன. அது சுரக்கும் நஞ்சு செவுளைத் தாக்குகிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் பீப்பாயைக் கவிழ்த்த ஒருவனைத் தேடினார்கள். கிடைத்தது வருடக்கணக்காக வந்துகொண்டிருந்த உப்பு.

ஏரிகளில் இதற்கு இணையாக நடப்பது நீர்ப்புரட்டு. வெயில் காலத்தில் மேல்தண்ணீர் சூடாகி லேசாக நிற்கும், அடித்தண்ணீர் குளிர்ந்து தனியாகக் கிடக்கும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஒரு புயலோ முதல் மழையோ வந்து மேல்பகுதி குளிர்ந்தால் இரண்டும் புரண்டு கலந்துவிடும். 2011 மே மாதக் கடைசியில் பிலிப்பைன்ஸின் தால் ஏரியில் கூண்டு மீன்கள் நூற்றுக்கணக்கான டன் இப்படித்தான் செத்தன. மழையைக் குறை சொல்லிவிடலாம். ஆனால் அளவுக்கு மீறிக் கூண்டுகளைப் போட்டு, தின்னாத தீவனத்தையும் மீன் கழிவையும் அடியில் சேர்த்து வைத்தது மழையில்லையே.

தீனி போட்டது யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலான ஏரிகளில் ஒரே பதில்தான்: கழிவுநீரும் உரமும், அவற்றில் இருக்கும் பாஸ்பரஸும். 1973-ல் கனடாவின் ஒன்டாரியோவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 226 என்று எண்ணிட்ட ஒன்றை நடுவில் திரை போட்டுப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பச்சையானது. டேவிட் ஷிண்ட்லரின் குழு வானிலிருந்து எடுத்து வெளியிட்ட அந்தப் படத்துக்குப் பிறகு பாஸ்பரஸ்தான் காரணமா என்ற விவாதமே தேவைப்படவில்லை என்று தோன்றும். தேவைப்பட்டது, இன்னும் தேவைப்படுகிறது.

நான் வேலை பார்த்த ஓர் ஏரியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். தொடர்ந்து மீன் செத்தது, ஒவ்வொரு முறையும் 'கோடைக்காலம்' என்று அறிக்கை வந்தது. மின்கடத்துத்திறனையும் ஆக்சிஜனையும் கால் மணிக்கு ஒருமுறை தானாகப் பதியும் ஒரு கருவியை ஓடை வந்து விழும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டோம். தண்ணீரில் இருக்கும் பெரிய விலங்கு எதுவும் கடித்துவிடக்கூடாதே என்று இரும்புக் கூண்டு வேறு. பதிவை இறக்கிப் பார்த்தபோது கோடை வெப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வார இறுதி இரவுகளில் மின்கடத்துத்திறன் செங்குத்தாக ஏறுகிறது, இரண்டு மணி நேரம் நிற்கிறது, இறங்குகிறது. அதற்கு அடுத்த விடியலில் ஆக்சிஜன் பூஜ்யத்தைத் தொடுகிறது. மேகமூட்டமான நாள் என்றால் மீனும் சாகிறது. வெயில் நாள் என்றால் தப்பித்துவிடுகிறது. ஓடையை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கிளை சேரும் இடத்திலும் அளந்துகொண்டே போனோம். கடைசியில் ஒரு மதில் சுவருக்குக் கீழே வந்து நின்றோம். யாருடைய மதில் என்பது இங்கே வேண்டாம். தாள்கள் போக வேண்டிய இடத்துக்குப் போயின, கழிவு வருவது நின்றது.

அடுத்த கோடையில் மறுபடியும் மீன் செத்தது. முன்பைவிடக் குறைவு, ஆனால் செத்தது. கழிவு வரவில்லை என்பதைக் கருவி காட்டியது. இந்த முறை ஆக்சிஜனைத் தின்றது அடியில் இத்தனை வருடமாகப் படிந்த கறுப்புச் சேறு. ஆக்சிஜன் தீர்ந்த அடித்தண்ணீரில் சேற்றிலிருந்து பாஸ்பரஸ் மறுபடியும் கரைந்து மேலே வரும், பாசி அதைத் தின்று வளரும், செத்துத் திரும்ப அடியில் போய்ப் படியும். வெளியிலிருந்து ஒரு சொட்டு வராவிட்டாலும் இந்தச் சுற்று பல வருடம் ஓடும். காற்றேற்றும் இயந்திரம் இரண்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். பார்க்க அழகாக நீர் தெளிக்கிறது, ஆனால் மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க ராத்திரியில் நிறுத்திவிடுகிறார்கள், அதாவது அது வேண்டிய நேரத்தில். சேற்றை வாரிவிடலாம் என்று இப்போது பேச்சு நடக்கிறது. வாரினால் எங்கே கொட்டுவது, அதில் என்னென்ன உலோகம் படிந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கான மாதிரிகளைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.